மாத்திரைக்குள் மறைந்திருக்கும் அளவு

முழங்கால் வலி தாங்காமல் பாட்டி முனகுகிறார். “டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, போய் வாங்கி வா” என்று அம்மா நம்மை மருந்துக் கடைக்கு அனுப்புகிறார். நாமும் வாங்கி வருகிறோம். அட்டையின் பின்புறத்தில் ‘இபுபுரோபன் 400 மி.கி.’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. சாப்பிட்ட பிறகு பாட்டி ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடிக்கிறார். சிறிது நேரத்தில் வலி குறைகிறது. அத்துடன் அந்த மாத்திரையை நாம் மறந்துவிடுகிறோம்.

அரிசி வாங்கினால் நிறுத்துப் பார்க்கிறோம். துணி வாங்கினால் அளந்து பார்க்கிறோம். ஆனால் அட்டையில் சொன்ன 400 மில்லி கிராம் மருந்து அந்த மாத்திரைக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க நம் கையில் என்ன தராசு இருக்கிறது? “மாத்திரையை எடை போட்டால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். போதாது. ஏனெனில் மாத்திரை முழுவதும் மருந்தன்று. மாவுப் பொருள், பால் சர்க்கரையாகிய லாக்டோஸ், அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டு, மேற்பூச்சு ஆகிய பலவும் மருந்தோடு சேர்ந்துதான் மாத்திரை ஆகிறது. மருந்து குறைந்து மாவு கூடினாலும் எடை ஒன்றாகவே இருக்கும்.

தமிழில் ‘மாத்திரை’ என்ற சொல்லுக்கே அளவு என்று பொருள் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? அளவையே பெயராகக் கொண்ட பொருளில் அளவு தவறலாமா? அந்த அளவை அறிஞர்கள் எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அழற்சியும் அதற்குரிய மருந்தும்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இதனையே மருத்துவர்கள் அழற்சி என்பர். உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போராட்டம் அது. ஆனால் மூட்டுவாதம் போன்ற நோய்களில் இப்போராட்டம் ஓயாமல் நீடித்து மனிதரை வாட்டுகிறது. அப்போது உதவிக்கு வருபவையே ஆஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் முதலிய அழற்சி நீக்கி மருந்துகள்.

ஆஸ்பிரினை 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய பெலிக்ஸ் ஹாப்மன் தூய நிலையில் தயாரித்தார். இபுபுரோபனை இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸும் அவருடைய துணைவர்களும் உருவாக்கினர். 1969இல் அது அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. இம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை இவை தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய அறிஞர் காட்டினார். அதற்காக 1982இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் அதே புரோஸ்டாகிளாண்டின்களே நம் இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன. சிறுநீரகத்துக்குப் போதிய குருதி செல்லவும் துணை நிற்கின்றன. ஆகவே மருந்து குறைந்தால் பாட்டியின் வலி தீராது. மிகுந்தால் இரைப்பையில் புண்ணும் குருதிக் கசிவும் ஏற்படலாம், சிறுநீரகம் கெடலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இம்மருந்துகளுக்கு முற்றிலும் பொருந்தும்.

பழைய முறையும் அதன் குறையும்

மேனிலை வகுப்பில் வேதியியல் பயில்வோர் பியூரெட்டையும் பிப்பெட்டையும் கையாண்டு அமிலத்தின் அளவைக் கணக்கிடுகிறோம். ஆஸ்பிரினையும் முன்னாளில் இவ்வாறே அளந்தனர். ஆஸ்பிரின் தூளோடு அளந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடாக்குவார்கள். மீந்து நிற்கும் காரத்தை அமிலத்தால் தரம் பார்ப்பார்கள். எவ்வளவு காரம் செலவாயிற்றோ அதிலிருந்து ஆஸ்பிரினின் அளவு தெரியும்.

முறை எளியதுதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஆஸ்பிரின் ஈரத்தைத் தாங்காத பொருள். ஈரம் பட்டால் அது மெல்ல மெல்லச் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் சிதைகிறது. பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் காடி மணம் வீசுவதன் காரணம் இதுவே. இப்படிச் சிதைந்த மாத்திரையைத் தரம் பார்த்தால் என்ன ஆகும்? சிதைவால் பிறந்த இரண்டு அமிலங்களும் காரத்தை உட்கொள்ளும். நல்ல ஆஸ்பிரினுக்குச் செலவாகும் காரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே கெட்ட ஆஸ்பிரினுக்கும் செலவாகும்! கணக்கு சரியாக வரும். மருந்தோ கெட்டுப் போயிருக்கும்.

ஆதலால் சாலிசிலிக் அமிலத்தைக் கண்டுபிடிக்கத் தனியே ஒரு சோதனை செய்ய வேண்டியிருந்தது. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் பெரிக் குளோரைடு சோதனைதான் அது. தூய ஆஸ்பிரின் ஊதா நிறம் தராது; சிதைந்து பிறந்த சாலிசிலிக் அமிலம் தரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இக்காலத்தில் ஒரே மாத்திரையில் இபுபுரோபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து வருகின்றன. டைக்குளோபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்து வருகின்றன. கலந்து கிடக்கும் இரண்டு மருந்துகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? ஒரு கூடையில் மாங்காயும் தேங்காயும் கிடக்கும்போது கூடையை மொத்தமாக நிறுத்தால் பயனில்லை. முதலில் பிரிக்க வேண்டும். பிறகுதான் அளக்க வேண்டும். இதுவே திரவக் குரோமடோகிராபியின் அடிப்படை.

பச்சிலையில் பிறந்த முறை

குரோமடோகிராபி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். வடிதாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தாளின் அடி விளிம்பைத் தண்ணீரில் தொடவிட்டுப் பாருங்கள். நீர் மேலே ஏற ஏற, கறுப்புப் புள்ளி நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரிந்து செல்வதைக் காணலாம். கறுப்பு என்று நாம் எண்ணியது ஒரே நிறமன்று என்பது அப்போது விளங்கும்.

இதே வேலையை இலைகளைக் கொண்டு செய்தவர் மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியல் அறிஞர். அவர் கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளாகிய கால்சியம் கார்பனேட்டை நிரப்பி, அதன்மேல் இலைச்சாற்றை ஊற்றிக் கரைப்பானால் கழுவினார். குழாய்க்குள் பச்சையும் மஞ்சளுமாக அடுக்கடுக்காய் வளையங்கள் தோன்றின. 1903இல் வார்சா நகரில் இதைப் பற்றி உரையாற்றினார். 1906இல் இம்முறைக்குக் குரோமடோகிராபி என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் நிறத்தை எழுதுதல் என்பது இதன் பொருள். ஸ்வெட் என்ற ரஷ்யச் சொல்லுக்கும் நிறம் என்றே பொருள் என்பது வியப்புக்குரியது.

1941இல் ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்டு சிஞ்சு ஆகிய இரு ஆங்கிலேயர் இம்முறையை மேலும் வளர்த்து 1952இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மிக நுண்ணிய துகள்களைக் குழாயில் நிரப்பி, மிகுந்த அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்தினால் பிரிவு இன்னும் செம்மையாகும் என்று அப்போதே அவர்கள் எழுதினார்கள். அது நிறைவேற ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சாபா ஹோர்வாத், ஜாக் கிர்க்லாந்து முதலியோர் அழுத்தத்தில் இயங்கும் கருவிகளையும் அதற்கேற்ற துகள்களையும் உருவாக்கினர். அதுவே உயர்திறன் திரவக் குரோமடோகிராபி. ஆய்வுக்கூடங்களில் எச்.பி.எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

கருவியின் உறுப்புகள்

இக்கருவியின் உயிர்நாடி ‘காலம்’ எனப்படும் எஃகுக் குழாய். நீளம் பெரும்பாலும் 15 அல்லது 25 சென்டி மீட்டர், உள்விட்டம் 4.6 மில்லி மீட்டர். அதாவது நம் பென்சிலைக் காட்டிலும் மெல்லிய துளை. அதற்குள் 5 மைக்ரோ மீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்கள் நெருக்கமாக நிரப்பப்பட்டிருக்கும். ஒரு மில்லி மீட்டரில் இருநூறு துகள்களை வரிசையாக அடுக்கலாம் என்றால் அவற்றின் நுண்மையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு துகளின் மேலும் பதினெட்டுக் கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள் முடிகளைப் போல் ஒட்டியிருக்கும். இச்சங்கிலிகள் எண்ணெய்த் தன்மை உடையவை, நீரை விரும்பாதவை.

நீரும் அசிட்டோநைட்ரைல் அல்லது மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைப் பம்பு இக்குழாய்க்குள் நிமிடத்துக்கு ஒரு மில்லி லிட்டர் வீதம் செலுத்துகிறது. துகள்கள் நெருங்கி இருப்பதால் இதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு, இருநூறு மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. குழாயின் நுழைவாயிலில் மருந்துக் கரைசல் 20 மைக்ரோ லிட்டர் மட்டும் செலுத்தப்படும். ஒரு சொட்டில் பாதி கூட இல்லை!

உள்ளே நடப்பதை ஓர் உவமையால் விளக்கலாம். பள்ளி விட்டதும் நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைத்தெருவுக்குள் நுழைகிறோம் என்று கொள்வோம். கடைகளைத் திரும்பியும் பாராதவள் முதலில் மறுமுனைக்குப் போய்ச் சேருவாள். வளையல் கடை, ரிப்பன் கடை என்று ஒவ்வொன்றிலும் நின்று பார்ப்பவள் கடைசியில் வருவாள். அவ்வாறே நீரை விரும்பும் பாராசிட்டமால் துகள்களில் அதிகம் ஒட்டாமல் திரவத்தோடு விரைந்து வெளியேறுகிறது. எண்ணெய்த் தன்மை மிகுந்த இபுபுரோபன் சங்கிலிகளோடு தங்கித் தங்கி வருகிறது. ஆஸ்பிரின் முன்னே வர, அதன் சிதைவாகிய சாலிசிலிக் அமிலம் பின்னே வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வெளிவரும் நேரம் தனித்தனி.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இபுபுரோபன் ஓர் அமிலம். அமிலத்தன்மை இல்லாத நீரில் அது அயனியாகி நீரோடு ஓடிவிடும், குழாயில் தங்காது. ஆகவே பாஸ்பாரிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்துத் திரவத்தின் பி.எச். மதிப்பை 3 அளவில் வைப்பார்கள். அப்போது மருந்து அயனியாகாமல் அமைதியாகத் தங்கிச் செல்லும்.

ஸ்வெட் கண்ட பொருள்களுக்கு நிறம் இருந்தது. இம்மருந்துகளுக்கு நிறம் இல்லை. ஆனால் நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை இவை உறிஞ்சிக்கொள்கின்றன. குழாயின் முடிவில் உள்ள உணர்கருவி அக்கதிரைத் திரவத்தினூடே செலுத்திக் கொண்டே இருக்கும். மருந்து கடக்கும்போது கதிர் குறையும். உடனே வரைபடத்தில் ஒரு மலை முகடு எழும்பும். முகடு எழும் நேரம் அப்பொருள் இன்னதென்று அறிய உதவும். முகட்டின் பரப்பு அது எவ்வளவு என்று சொல்லும்.

ஒரு மாத்திரை சோதிக்கப்படும் விதம்

இனி இபுபுரோபன் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு மாத்திரையை வைத்து முடிவு கூறுவதில்லை. இருபது மாத்திரைகளை எடை போட்டுச் சராசரி காண்பார்கள். அது 600 மில்லி கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு எல்லாவற்றையும் நன்றாகப் பொடித்து, 150 மில்லி கிராம் தூளை எடுப்பார்கள். அட்டையில் சொன்னது உண்மையானால் இத்தூளில் 100 மில்லி கிராம் இபுபுரோபன் இருக்க வேண்டும். தூளைக் கரைப்பானில் போட்டுக் குலுக்கி 100 மில்லி லிட்டர் ஆக்குவார்கள். மருந்து கரையும், கரையாத மாவை வடிகட்டி நீக்குவார்கள். வடித்ததில் 10 மில்லி லிட்டரை எடுத்து மீண்டும் 100 மில்லி லிட்டராக நீர்த்தால், மில்லி லிட்டருக்கு 0.1 மில்லி கிராம் கொண்ட கரைசல் கிடைக்க வேண்டும்.

மற்றொரு குடுவையில், தூய்மை உறுதி செய்யப்பட்ட இபுபுரோபனைத் துல்லியமாக நிறுத்து, மில்லி லிட்டருக்கு 0.1 மில்லி கிராம் வீதம் ஒரு கரைசல் செய்வார்கள். இதற்கு ஒப்பீட்டுக் கரைசல் என்று பெயர். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவியில் செலுத்துவார்கள். ஒப்பீட்டுக் கரைசலின் முகட்டுப் பரப்பு 5,00,000 என்றும், மாத்திரைக் கரைசலின் பரப்பு 4,90,000 என்றும் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 98 விழுக்காடு. ஆகவே 150 மில்லி கிராம் தூளில் 98 மில்லி கிராம் மருந்து. 600 மில்லி கிராம் எடையுள்ள ஒரு மாத்திரையில் 392 மில்லி கிராம். எட்டாம் வகுப்புத் தங்கையரும் போடக்கூடிய கணக்குத்தானே இது!

மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூல்களுக்கு மருந்தியல் தொகுப்பு என்று பெயர். இந்திய மருந்தியல் தொகுப்பு முதன்முதலாக 1955இல் வெளிவந்தது. இபுபுரோபன் மாத்திரையில் சொன்ன அளவில் 95 முதல் 105 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் தொகுப்பு வகுத்திருக்கிறது; அமெரிக்கத் தொகுப்பு 90 முதல் 110 வரை அனுமதிக்கிறது. நம் கணக்கில் வந்த 98 விழுக்காடு இரண்டிலும் தேறிவிடும்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. இபுபுரோபன் சிதையும்போது பிறக்கும் ஐசோபியூட்டைல் அசிட்டோபீனோன் என்னும் பொருள் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது அமெரிக்கத் தொகுப்பு. அதுவும் இதே வரைபடத்தில் தனி முகடாக வெளிப்பட்டுவிடும். மறைக்க இயலாது.

இருபது மாத்திரைகளைச் சேர்த்துப் பொடித்தால் சராசரிதான் தெரியும் என்று கூர்மையான தோழி ஒருத்தி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒன்றில் குறைந்தும் மற்றொன்றில் மிகுந்தும் இருந்தால் சராசரி அதை மூடிவிடும். ஆகவே மிகச் சிறு அளவில் மருந்து சேரும் மாத்திரைகளைப் பத்துப் பத்தாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பதும் உண்டு.

கருவியையும் சோதிக்க வேண்டும்

மாத்திரையைச் சோதிக்கும் கருவியே பொய் சொன்னால் என்ன செய்வது? எனவே வேலை தொடங்குமுன் ஒப்பீட்டுக் கரைசலை ஐந்து அல்லது ஆறு முறை திரும்பத் திரும்பச் செலுத்துவார்கள். கிடைக்கும் பரப்புகளின் வேறுபாடு வழக்கமாக 2 விழுக்காட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அன்றைய சோதனை செல்லாது.

முறையையும் நம்பத்தக்கதென்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும். மருந்தே சேர்க்காமல் மாவுப் பொருள்களை மட்டும் கரைத்துச் செலுத்தினால், மருந்தின் நேரத்தில் முகடு தோன்றக்கூடாது. மருந்தின் அளவை இரட்டித்தால் பரப்பும் இரட்டிக்க வேண்டும். வரைதாளில் புள்ளிகள் நேர்கோட்டில் அமைய வேண்டும். மாவோடு தெரிந்த அளவு மருந்தைக் கலந்து கொடுத்தால், கலந்த அளவே திரும்பக் கிடைக்க வேண்டும். மனிதர் செய்யும் தவறுகளும் உண்டு. திரவத்தை வடிகட்ட மறந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். காற்றுக் குமிழி புகுந்தால் பம்பு தடுமாறும். தராசில் ஒரு மில்லி கிராம் தவறினால், அத்தனை விலையுயர்ந்த கருவியும் அத்தவற்றையே துல்லியமாகத் திருப்பிச் சொல்லும்!

நாம் கொள்ள வேண்டியவை

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்படி, மருந்து ஆய்வாளர்கள் கடைகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் மாதிரிகளை எடுத்து அரசு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். தேறாத மருந்துகளைத் தரமற்றவை என அறிவிக்கிறார்கள். நாம் பெயரும் முகமும் அறியாத ஒருவர் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பார்த்த முகடுகளின் மேல்தான் நம் பாட்டியின் நலம் நிற்கிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கலாகாது. ஆவியும் ஈரமும் உள்ள அடுப்பங்கரையில் வைக்கலாகாது. காலாவதி நாளைப் பார்த்தே வாங்க வேண்டும். அந்த நாள் வரை மருந்து தன் அளவில் நிற்கும் என்பதும் இத்தகைய சோதனைகளால் முடிவு செய்யப்பட்டதே. காடி மணம் வீசும் ஆஸ்பிரினை எறிந்துவிட வேண்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டால் விரைவில் குணமாகும் என்று நாமாகவே அளவைக் கூட்டலாகாது. ஆய்வுக்கூடம் அரும்பாடுபட்டுக் காத்த அளவை நாம் வீட்டில் கெடுத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

கள்ளத் தராசு இறைவனுக்கு ஏற்காதது என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். சந்தையில் தராசு சாய்ந்தால் நட்டம் சில காசுகள்; மருந்தின் தராசு சாய்ந்தால் நட்டம் ஓர் உயிராகவும் இருக்கலாம். நாளை நம்முள் சிலர் வெள்ளை அங்கி அணிந்து இத்தகைய கருவியின் முன் அமரக்கூடும். முகடு 94 விழுக்காட்டில் நிற்கும்போது அதை 95 என்று எழுதிவிட யாரேனும் தூண்டவும் கூடும். அப்போது முழங்கால் வலியோடு காத்திருக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்வோம். கண்டதைக் கண்டபடி எழுதுவோம். அதற்கான பயிற்சியை இன்றே, பள்ளி ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டில் காணும் அளவை உள்ளபடி நோட்டில் எழுதுவதிலிருந்து தொடங்குவோமாக!